மாதா அழுவதை நிறுத்தியது நான்தான்

வெள்ளைச் சிலையைச் சுத்தமாக வைத்திருப்பது மலைநாட்டில் லேசான வேலை இல்லை. ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் பாதத்தில் பாசி பிடிக்கும். பஸ் புகை ஆடை மடிப்புகளில் ஏறி உட்காரும். காக்கை தன் பங்குக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகும். எங்கள் சந்தியில் இருக்கும் மாதா சிலையைப் பதின்மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் என் கையாலேயே கழுவி வருகிறேன். சவர்க்காரம் போடக் கூடாது, வர்ணம் மங்கிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும்.

மிஸ் ஊர்மிளா, நீங்கள் தொழில் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நானே எழுதித் தரலாமா என்று கேட்டேன், மறுக்காமல் தாள் தந்தீர்கள். நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சில் பாதி உங்களுக்குப் பிடிபடாமல் போகலாம் என்பது ஒரு காரணம். பேசும்போது குறுக்கே கேள்வி வந்தால் எனக்கு ஒழுங்கு குலைந்துவிடும் என்பது இன்னொன்று. நான் ஒழுங்கை விரும்புகிறவன்.

என் பெயர் றொனால்ட். வயது ஐம்பத்தொன்பது. அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தேன். அப்பா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். ஹட்டனில் ஒரு சிங்கள முதலாளியிடம் பதினெட்டு வருடம் சாணை பிடித்தேன். 2009இல் லிந்துலைக்குப் போகும் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். தோட்டத்துக் கவ்வாத்துக் கத்திகளை வாசல் கொட்டகையில் தீட்டுவோம். அது யாரும் செய்கிற வேலை. பட்டறைக்குப் பெயர் வாங்கித் தந்தது மர ஆலைகளின் வட்ட வாள்கள். அந்த வாளின் ஒவ்வொரு பல் நுனியிலும் இரும்பைவிடக் கெட்டியான ஓர் உலோகத் துண்டு ஒட்டியிருக்கும். அதைத் தீட்டத் தனிக் கல்லும் நிதானமான கையும் வேண்டும். பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை கட்டி, அதில் வியாகுலத்தை உட்கார வைத்தேன். அவரைப் போலப் பல் தீட்ட ஹட்டனில்கூட ஆள் கிடையாது. அந்த அறையில் எப்போதும் ஒரே ஓர் ஆள்தான் வேலை செய்தார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு நான் எடுத்த முடிவுக்கு அது முக்கியம்.

தீட்டும்போது எழும் தூசி சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மினுங்கும். அதற்காக ரோட்டைப் பார்த்த சுவரில் ஓட்டை போட்டு, தூசியை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்றைப் பூட்டியிருந்தேன். யாரும் சொல்லாமல் நானாகப் பூட்டியது. ஆகவே தொழிலாளியின் உடம்பைப் பற்றி யோசிக்காத முதலாளி என்று என்னைப் பற்றி எழுதினால் அது சரியாக இருக்காது.

2011இல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாதாவுக்குக் குகை போல ஒரு கெபி கட்டினேன். என் மகன் ஜெரோமி நிமோனியாவில் மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது நேர்ந்துகொண்ட நேர்த்தி அது. அவன் மூச்சைத் திருப்பித் தந்தால் பஸ்ஸில் போகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்துக் கும்பிடுகிறேன் என்று வேண்டியிருந்தேன். அவன் பிழைத்தான். நீர்கொழும்பிலிருந்து சிலையை மெத்தையில் சுற்றி லொறியில் கொண்டுவந்தேன். ஐந்தடி உயரம், தூய வெள்ளை, இடுப்பில் நீலக் கச்சை. பக்கத்தில் ஒரு மன்றாட்டுப் பெட்டியும் வைத்தேன். சனங்கள் தங்கள் வேண்டுதலை எழுதிப் போடுவார்கள். செப்டெம்பர் திருநாளில் பாதர் அந்தக் கடதாசிகளை யாரும் வாசிக்காமல் அப்படியே மாதாவின் முன்னால் எரிப்பார். புகை மேலே போனால் வேண்டுதலும் போய்ச் சேரும் என்பது எங்கள் பங்கு வழக்கம். பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

2014 மே மாதம், மாதாவின் வணக்க மாதத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கெபியின் முன்னால் நின்றுவிட்டார்கள். ராசம்மா என்கிற கொழுந்துக்காரப் பெண் ஓடிவந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மொதலாளி, மாதா அழுவுறாங்க. கறுப்புக் கண்ணீரு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு கண்ணிலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கி, கன்னத்தில் ஓடி, மோவாயில் துளியாக நின்றது. அன்று வேலைக்குப் போனவர்கள் பாதிப் பேர். மறுநாள் மூன்று தோட்டத்துச் சனமும் ரோட்டில் நின்றது. சைவக்காரர்கள் கற்பூரம் கொண்டுவந்தார்கள். சிங்கள பஸ் டிரைவர்களும் நிறுத்தி ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனார்கள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்காக மாதா அழுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. என் நேர்த்தியை மாதா ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்து நான் அழுதேன்.

நான்காவது நாள் விடிகிற நேரத்தில், சனம் வருமுன், ஏணி வைத்து ஏறி வெள்ளைக் கைக்குட்டையால் அந்தக் கோட்டைத் துடைத்தேன். விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தேன். பதினெட்டு வருடம் சாணையில் இருந்தவனுக்கு அந்தத் தொடுகை தெரியாமல் போகுமா? பட்டறையிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து கைக்குட்டைக்கு அடியில் பிடித்தேன். கறுப்பு எழுந்து பூனை மயிராக நின்றது. ஃபேன் தள்ளிய தூசி ரோட்டைக் கடந்து சிலையின் இமைக்குழியில் சேர்ந்திருக்கிறது. பனி ஈரம் பட்டதும் வழிந்திருக்கிறது. அவ்வளவுதான் அந்த அற்புதம்.

என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் மூன்று தோட்டத்துச் சனத்தின் விசுவாசம் ஒரே நாளில் கேலியாகிவிடும். சொல்லாமல் ஃபேனை ஓடவிட்டால் பொய்யான ஓர் அற்புதத்துக்கு நான் துணை போனவன் ஆவேன். அது பெரும் பாவம். மேலும் அந்த வாரம் பாதர் சிலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் படித்தவர், அவரும் கைக்குட்டை வைத்திருப்பார். ஆக, கண்ணீர் தானாக நின்றுபோக வேண்டும். யாருக்கும் தலைக்குனிவு இல்லாத ஒரே வழி அதுதான்.

நீங்கள் முந்தாநாள் கேட்டீர்கள்: "ஐயா, அந்த ஃபேனைப் பின்பக்கச் சுவரிலை பூட்டியிருக்கலாம்தானே?"

பூட்டியிருக்கலாம். அதையும் அன்று யோசித்தேன். பின்னால் என் வீடு இருக்கிறது. அந்தச் சுவருக்கு நேரே நாங்கள் சமைக்கிற குசினி, அதற்குப் பக்கத்தில் என் மனைவி ஷிராணி துணி காயப்போடும் கொடி, மேலே ஜெரோமியின் அறை.

அதனால் ஓட்டையை அடைக்க முடிவு செய்தேன், உள்ளே இருப்பது ஒரே ஓர் ஆள்தானே. செங்கல் வைத்து அடைத்தவர் வியாகுலம். அவருக்குக் கொத்து வேலையும் வரும். பாதி அடைத்த பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மொதலாளி, அப்ப மாதா அழுதது இந்தத் தூசிதானா?"

நான் மறைக்கவில்லை. ஆமாம் என்றேன். அவர் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது என் பக்கத்துக்குச் சாதகமானது. "நம்ம வாயால அத வெளிய சொல்லக் கூடாதுங்க. எங்க வீட்ல மூணு நாளா சோறு தண்ணி இல்லாம செபம் சொல்லிக்கிட்டு இருக்கு." அவர் மனைவி மார்கிரட்டைத்தான் அப்படிச் சொன்னார். பிறகு மிச்சக் கல்லையும் வைத்துப் பூசி முடித்தார். தூசி இனி எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. ஜன்னல் இருக்கிறது என்று நானாகத்தான் சொன்னேன். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து தீட்டிய வாள் துருப்பிடிக்கும் என்பதால், இரண்டு வாரத்தில் அதையும் சாத்தி வைக்கச் சொன்னேன்.

கண்ணீர் நின்றது. நாங்கள் செபம் சொன்னதால் மாதா ஆறுதல் அடைந்தாள் என்று சனம் சொன்னது. நன்றிப் பூசை வைத்தோம். வியாகுலம் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அவர் வாயைத் திறக்கவே இல்லை. மார்கிரட்டிடம்கூடச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனிதர் கிடைப்பது அபூர்வம்.

அன்றிலிருந்து அவர் உடம்பை நான் இன்னும் அதிகமாகக் கவனித்துக்கொண்டேன். தினமும் மூன்று மணிக்கு பிளேன்டீயும் பெரிய துண்டு கித்துல் கருப்பட்டியும் அறைக்குள் போகும். தூசி வேலை செய்கிறவன் கருப்பட்டி கடித்தால் தொண்டையில் இறங்கிய தூசி கரைந்து வயிற்றுக்குப் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஹட்டன் முதலாளி எனக்கு அப்படித்தான் தந்தார். நான் இன்று திடமாக இருக்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் சாணை பிடித்தது திறந்த வெளியில் என்பதையும், அது வெறும் இரும்பு என்பதையும் நீங்கள் சுட்டிக்காட்டுவீர்கள். அது எனக்கும் தெரியும்.

2018இல் வியாகுலம் இருமத் தொடங்கினார். வறட்டு இருமல். அவர் லயத்துக்குப் போக நாற்பத்திரண்டு படி ஏற வேண்டும். முதலில் ஓரிடத்தில் நின்று ஏறினார், பிறகு மூன்று இடத்தில். விரல் நுனிகள் தடித்து நகம் வளைந்தது. கருப்பட்டியை இரண்டு துண்டாக்கினேன். அந்த வருடம் ஜெரோமி படிப்பை முடித்துவிட்டுப் பட்டறையில் உதவிக்கு வந்தான். கத்தி தீட்டுகிற கொட்டகையோடு நின்றுகொள், உள் அறைப் பக்கம் போகாதே என்று அவனிடம் சொல்லியிருந்தேன். ஒரு தரம் அவன் அந்தக் கதவைத் திறந்தபோது அறைந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவனை அடித்தது அந்த ஒரு தரம்தான்.

2019 ஓகஸ்டில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து கண்டியிலுள்ள நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் வியாகுலத்தை அனுப்பினார்கள். அந்த டாக்டர் முதலாளிக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். எங்கள் லயங்களில் ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், வாசித்துச் சொல்வேன். வியாகுலமும் மார்கிரட்டும் ஞாயிறு பூசை முடிந்து அந்தக் கடிதத்தோடு என் வீட்டு ஹோலில் வந்து உட்கார்ந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் ஒருமுறை மனதுக்குள் வாசித்தேன். பிறகு சொன்னேன். பனியில் நனையக் கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. இரவில் நெஞ்சுக்குத் தைலம் போட வேண்டும். சிகரெட்டை விட வேண்டும்.

"நான் சிகரெட்டே குடிக்கிறதில்லையே மொதலாளி."

"அது பொதுவா எல்லாருக்கும் எழுதுறதுதான்."

மார்கிரட் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். "வேல செய்யலாமாங்க?" என்று கேட்டாள்.

செய்யலாம் என்று எழுதியிருக்கிறது என்றேன். இரண்டு பேர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான், அந்த நிம்மதியைக் கொடுத்தவனும் நான்தான். வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும், என்னிடம் இருக்கட்டும் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டேன். அன்று மாலை அதை மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன். அடுத்த மாதம் திருநாளில் மற்றவர்களின் வேண்டுதலோடு அதுவும் எரிந்தது. பாதருக்குத் தெரியாது, அவரை இதில் இழுக்க வேண்டாம்.

வியாகுலம் 2020 ஜனவரியில் இறந்தார். இறப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்வரை வேலைக்கு வந்தார். பெட்டி, குழி, பூசை எல்லாம் என் பொறுப்பில் நடந்தது. சவப்பெட்டியைக் கெபியின் முன்னால் ஐந்து நிமிடம் இறக்கி வைக்கச் சொன்னேன். அது சாதாரணமாக யாருக்கும் செய்யாத மரியாதை.

கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு மார்கிரட் தன் மகன் மிலானைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருபத்து மூன்று வயது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றவன், கடையை மூடியதால் வீட்டுக்கு வந்திருந்தான். "அவுங்க அப்பா ஒக்காந்த எடத்துல இவன ஒக்கார வைங்க மொதலாளி, ஒங்களுக்குப் புண்ணியமா போகும்" என்றாள். வாசல் கொட்டகையில் ஜெரோமி இருந்தான். அங்கே இன்னோர் ஆள் தேவைப்படவில்லை. உள் அறையில் வாள்கள் நாலு மாதமாகக் குவிந்து கிடந்தன. அவளாகக் கேட்டாள், நான் மறுக்கவில்லை. மிலானுக்குத் தகப்பனுடைய கை. ஆறே மாதத்தில் அதே நிதானத்தில் பல் தீட்டினான். அவனுக்கும் மூன்று மணிக்குக் கருப்பட்டி போனது.

2022 கடைசியில் அவனும் இருமத் தொடங்கினான். ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து, அடைத்திருந்த இடத்தைக் காட்டினான்.

"மொதலாளி, இங்க முந்தி ஃபேன் இருந்திருக்கும்போல. இதத் தொறந்து விட்டா என்ன? உள்ள மூச்சு முட்டுது."

"அது ஒங்கப்பா தன் கையால கட்டுன சுவருடா" என்றேன்.

அவன் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தான். பூச்சில் ஒரு மூலையில் தகப்பனின் விரல் தடம் பதிந்திருந்தது, அதன்மேல் தன் விரலை வைத்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சுவரைப் பற்றி மறுபடி கேட்டதில்லை. ஒன்றரை வருடம் கேட்காமல் வேலை செய்தான்.

இந்த வருடம் அவன் பட்டறை வாசலில் மூச்சடைத்து விழுந்தான். போய்ச் சேர்ந்தது அதே டாக்டரிடம். தகப்பன் பெயரையும் பட்டறை இருக்கும் இடத்தையும் கேட்டதும் அவர் பழைய கோப்பை எடுத்திருக்கிறார். அதில் கடிதத்தின் பிரதி இருந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இவனை அந்த அறையிலிருந்து எடுத்திருந்தால் நுரையீரல் தேறியிருக்கும், இனித் தேறாது என்று மார்கிரட்டிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

மேசையில் அந்தப் பிரதியை நீங்கள் வைத்தபோது மார்கிரட்டும் அங்கே இருந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "அன்னைக்கு நீங்க எங்களுக்கு வாசிச்சது என்னா மொதலாளி?" என்று மட்டும் கேட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்த முழு விசாரணையிலும் எனக்குச் சங்கடமாக இருந்த கேள்வி அது ஒன்றுதான். அதனால் இப்போது சரியாக வாசிக்கிறேன். நீங்கள் இதை அவளுக்குச் சொல்லலாம்.

"ஐயா, உங்களிடம் வேலை செய்யும் இவருடைய நுரையீரல், தீட்டும் உலோகத்தின் தூசியால் தழும்பேறிப் போயிருக்கிறது. இன்றே அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். தொடர்ந்தால் இறந்துவிடுவார். அந்த அறையில் காற்று வெளியேற வழி இல்லை என்று சொல்கிறார். அதைச் சரிசெய்யும்வரை வேறு யாரையும் அங்கே உட்கார வைக்காதீர்கள். இதை அவருக்கு அவருடைய மொழியில் விளக்கிச் சொல்லும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்."

ஆகவே எனக்குத் தெரியும். தூசி போக வழியில்லை என்று தெரிந்துதான் ஓட்டையை அடைத்தேன். கடிதத்தை மாற்றி வாசித்தேன். அதில் எழுதியிருந்தது நினைவில் இருக்கும்போதே மிலானை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். இதில் எதையும் யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. மிலான் இப்போது வார்டில் மூக்கில் குழாயோடு சாய்ந்துதான் தூங்குகிறான், படுத்தால் மூச்சு நிற்கிறது என்று ஷிராணி சொன்னாள். அவள் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்து அதைச் சொன்ன பிறகு என்னோடு பேசுவதில்லை. ஜெரோமி வீட்டைவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது. அவர்களுக்கு விளங்கவைக்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

நேற்றுச் சனிக்கிழமை. நீங்கள் பட்டறைக்குத்தான் முத்திரை வைத்திருக்கிறீர்கள், ரோட்டைக் கடக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். ஏணியில் ஏறிக் கண்ணுக்குக் கீழே துடைத்துத் துணியைப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சுவரை அடைத்த நாளிலிருந்து இந்தப் பத்து வருடமும் அப்படித்தான் இருக்கிறது, ஒரு பொட்டுக் கறுப்பு வந்ததில்லை. என்னை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் மிஸ். நான் செய்தது அவ்வளவு பெரிய பாவமாக இருந்திருந்தால், மாதா ஒரு நாளாவது அழுதிருப்பாள்.